முதல் மானும் முகத்தில் பூசும் ரத்தமும்: கன்னி வேட்டைச் சடங்குகள்

கேள்வி இது: “பென்சில்வேனியாவுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. உடன் வேலை செய்பவர், தன் 12 வயது மகன் முதல் மானைச் சுட்டுவிட்டான் என்று போனில் படம் காட்டினார். பையனின் இரண்டு கன்னத்திலும் மான் ரத்தம். எல்லோரும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். எனக்கு வயிற்றைப் பிரட்டிவிட்டது. இது என்ன சடங்கு? மதம் சம்பந்தப்பட்டதா? எங்கிருந்து வந்தது? கறி தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வாங்குங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் இந்த மாநிலத்தின் நடுப்பகுதியில் 16 வருடமாக இருக்கிறேன். வேட்டைக்காரன் இல்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா மூன்று தடவை கூட அழைத்துப் போயிருக்கிறார். துப்பாக்கி தூக்குவது அவர், பிளாஸ்க் தூக்குவது நான். அந்த அளவில்தான் நேரடி அனுபவம். மற்றதெல்லாம் இதில் ஏற்பட்ட ஆர்வத்தில் தேடிப் படித்தது.

இங்கே துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும் நாள் கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. பல பத்தாண்டுகளாக அது தேங்க்ஸ்கிவிங் முடிந்து வரும் திங்கட்கிழமையாக இருந்தது. கிராமப்புறப் பள்ளிகள் பலவும் அன்று லீவு விட்டுவிடும். பையன்கள் எப்படியும் வரப்போவதில்லை என்று தெரியும். 2019-ல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமையோடு பாதி ருசி போய்விட்டது என்று பெரியவர்கள் இன்றைக்கும் புலம்புவார்கள். காட்டுக்குள் ஒரு மரவீடு, அதில் இரண்டு மூன்று தலைமுறை ஒன்றாக வந்து தங்குவது, சுவரில் கொம்புகளும் மங்கிப்போன குடும்பப் படங்களும். ‘கேம்ப்’ என்று உங்கள் அலுவலகத்தில் பேசிக்கொள்வது இதைத்தான். முதல் மான் சடங்கு இந்தச் சூழலில் நடப்பது. மதத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. தேவாலயத்தில் யாரும் சொல்லித்தருவதில்லை. அப்பா, தாத்தா, மாமா வழியாக வருவது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பேரன், 13 வயது. விடிவதற்கு முன்பே பரணில் ஏறிவிட்டோம். மூன்று பேருக்கும் ஆரஞ்சு நிற அங்கி, தொப்பி. தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு தெரிய வேண்டும் என்பது இங்கே சட்டம். எட்டு மணி வாக்கில் ஒரு பிணைமான் ஓடைப் பக்கமிருந்து வந்தது. பையனுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இதற்கு இவர்கள் ‘பக் ஃபீவர்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தாத்தா அவன் முதுகில் கையை வைத்தார், ஒன்றும் பேசவில்லை. சுட்டான். மான் துள்ளி மரங்களுக்குள் மறைந்தது.

உடனே இறங்கி ஓடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அடிபட்ட மானைத் துரத்தினால் அது உயிரைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போய்விடும், விட்டுவிட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். அப்புறம் இறங்கி ரத்தத் தடம் பார்த்து நடந்தோம். காய்ந்த இலையில் ஒரு சொட்டு, பத்தடி தள்ளிப் புல்லில் ஒரு தீற்றல். தடத்தைப் பையன்தான் கண்டுபிடிக்க வேண்டும். தாத்தாவுக்கு அடுத்த சொட்டு கண்ணில் பட்டிருக்கும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மான் கிடந்த இடத்தில் ஒரு குச்சியால் அதன் கண்ணைத் தொடச் சொன்னார். அசையவில்லை என்றால் உயிரில்லை. காதில் டேக் கட்டினார்கள். அதைக் கட்டாமல் மானை நகர்த்தக் கூடாது.

பிறகு தாத்தா கத்தியை எடுத்துக் கைப்பிடி அவன் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

வயிற்றைக் கீறிக் குடலெடுப்பது லேசான வேலை இல்லை. கத்தி முனை ஆழமாக இறங்கினால் குடல் கிழிந்து கறி கெட்டுவிடும். அதனால் இரண்டு விரலைத் தோலுக்கு அடியில் விட்டு, அவற்றுக்கு நடுவில் கத்தியின் வெட்டுமுனை மேலே பார்க்கும்படி வைத்து நகர்த்த வேண்டும். வயிறு திறந்ததும் அந்தக் குளிரில் வெள்ளையாக ஆவி எழுந்தது. பையன் முழங்கைவரை கையை உள்ளே விட்டு மூச்சுக்குழலை அறுத்து இழுத்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஒரு தடவை எழுந்து மரத்தடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தான். யாரும் கேலி செய்யவில்லை. எல்லாம் முடிந்த பிறகு தாத்தா, “வேணுமா?” என்று கேட்டார். தலையாட்டினான். அவர் இரண்டு விரலை ரத்தத்தில் தொட்டு அவன் கன்னங்களில் பக்கத்துக்கொரு கோடு இழுத்தார், நம்மூரில் சந்தனம் பூசுவதுபோல. அவ்வளவுதான். கால் நிமிடம் ஆகியிருக்காது. அதைத்தான் படம் எடுத்தார்கள், அதைத்தான் ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

நீங்களும் அந்தக் கால் நிமிடத்தின் படத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உண்மையான தீட்சை அந்த ரத்தக்கோடு இல்லை, கத்தியைக் கையில் கொடுத்ததுதான். சுட்டால் போதாது, சுட்டதைச் சுத்தம்செய்து, இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பாடு ஆக்கும்வரை உன் பொறுப்பு என்று வாய்திறக்காமல் சொல்லும் இடம் அது. ரத்தம் பூசாத குடும்பங்கள் நிறைய உண்டு. முதல் மானைத் தன் கையால் சுத்தம் செய்யவைக்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

இதன் மறுபக்கமாக இன்னொரு வழக்கமும் உண்டு. தெற்கு மாநிலங்களில் இது அதிகம். மானைக் குறி பார்த்துச் சுட்டுத் தவறவிட்டால் கேம்புக்குத் திரும்பியதும் சட்டையின் பின்வாலைக் கத்தரித்துவிடுவார்கள். யார், எந்தத் தேதி, எத்தனை கஜத்தில் தவறவிட்டார் என்று அந்தத் துணியில் எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். ஐம்பது வருடத்துச் சட்டை வாலெல்லாம் தொங்கும் கேம்புகள் இருக்கின்றன. அதில் ஊரின் பெரிய மனிதர்களின் சட்டையும் இருக்கும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போகாதே என்பது இதிலிருந்து வந்த புத்திமதி.

சரி, ரத்தம் பூசுவது எங்கிருந்து வந்தது? அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் கற்றது என்று கேம்புகளில் கதை சொல்வார்கள். மிசிசிப்பிக்காரரான எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னர் 1942-ல் வெளியிட்ட நூலில், பூர்வகுடி வம்சத்து முதியவர் ஒருவர் ஒரு சிறுவனின் முகத்தில் அவனுடைய முதல் கலைமானின் ரத்தத்தைத் தடவும் காட்சி வருகிறது. அந்தக் காட்சி பிரபலமானதும் இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் பிரிட்டனிலிருந்து வந்த வழி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே இதற்கு ‘பிளடிங்’ என்று பெயர். 2005-ல் இங்கிலாந்தில் தடை வரும்வரை நரி வேட்டையிலும், ஸ்காட்லாந்து மலைகளின் மான் வேட்டையிலும் முதல் தடவை போகிறவர் முகத்தில் ரத்தம் தடவுவார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் தன் அரசவைக்காரர்களின் முகத்தில் மான் ரத்தத்தைப் பூசிவிடுவார், அது தானாகப் போகும்வரை கழுவக் கூடாது என்று சொல்லப்படுவதுண்டு. கழுவக் கூடாது என்ற விதி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இளவரசர் ஹாரி 2023-ல் வெளியிட்ட தன் வாழ்க்கை நினைவுகளில், பதின்வயதில் முதல் மானைச் சுட்டபோது வழிகாட்டி ஹாரியின் தலையை மானின் வயிற்றுக்குள்ளேயே அழுத்தியதை எழுதியிருக்கிறார். உங்கள் நண்பரின் மகன் கன்னத்தோடு தப்பித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூர்வகுடிகளிடம் இருந்த எண்ணமே வேறு மாதிரி. செரோக்கி மக்களின் கதை ஒன்றில் மான்களுக்கெல்லாம் ஒரு குட்டித் தலைவன் உண்டு. யாராவது ஒரு மானைக் கொன்றால் அது ஓடிவந்து ரத்தத்தின் மேல் குனிந்து, வேட்டைக்காரன் உன்னிடம் மன்னிப்புக் கேட்டானா என்று செத்த மானின் ஆவியிடம் விசாரிக்கும். கேட்டிருந்தால் சரி. இல்லையென்றால் ரத்தச் சொட்டைப் பின்தொடர்ந்து அவன் குடிசைவரை போய் மூட்டுவாதத்தைக் கொடுத்துவிட்டு வரும். பூசிக்கொண்டு படமெடுக்கும் விஷயமாக ரத்தத்தை அவர்கள் பார்க்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்தது ஜெர்மன் முறை. அங்கே முகத்தில் பூசுவது வழக்கமில்லை, மரக்கிளைதான் பேசும். மான் விழுந்ததும் ஒரு சிறு கிளையை ஒடித்து அதன் வாயில் வைப்பார்கள். ‘கடைசிக் கவளம்’ என்று அதற்குப் பெயர். நம்மூர் வாய்க்கரிசி நினைவுக்கு வருகிறதா? எனக்கு வந்தது. இன்னொரு கிளையை மானின் காயத்தில் தொட்டு எடுத்து, தொப்பியின் மேலோ வேட்டைக்கத்தியின் மேலோ வைத்து, சுட்டவரிடம் நீட்டுவார்கள். “வைட்மான்ஸ்ஹைல்” என்று வாழ்த்து. “வைட்மான்ஸ்டாங்க்” என்று பதில். அவர் அதை வாங்கித் தன் தொப்பியின் வலப்பக்கம் செருகிக்கொள்வார். கண்ட கிளையையும் ஒடிக்க முடியாது. ஓக், பைன், ஸ்ப்ரூஸ், வெள்ளை ஃபர், ஆல்டர் என்ற ஐந்து மரங்கள்தான் மரபுப்படி சரி. அடிபட்டுத் தப்பிய மானை நாய்தான் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தது என்றால், சுட்டவர் தன் கிளையில் ஒரு துண்டை ஒடித்து நாய்க்காரரிடம் திருப்பித் தருவார். அவர் அதை நாயின் கழுத்துப்பட்டையில் செருகிவிடுவார். நாய்க்கும் பங்கு கொடுக்கும் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாலையில் வேட்டையாடிய விலங்குகளை வலப்பக்கமாகச் சாய்த்து வரிசையாகக் கிடத்தி, ஊதுகொம்பில் ஒவ்வொரு விலங்குக்கும் அதற்குரிய ராகத்தை வாசிப்பார்கள். அவற்றைத் தாண்டிக் காலெடுத்து வைக்கக் கூடாது. புதிதாக வேட்டையில் சேர்கிறவரின் தோளில் வேட்டைக்கத்தியைத் தட்டி ஏற்றுக்கொள்ளும் சடங்கும் தனியாக உண்டு. வேட்டைக்காரர்களுக்கென்று ஒரு தனிப் பேச்சும் இருக்கிறது. மானின் ரத்தத்தை ‘வியர்வை’ என்பார்கள், கண்ணை ‘விளக்கு’ என்பார்கள், முயலின் காது ‘கரண்டி’. புதியவர் வாய்தவறிக் ‘கண்’ என்று சொல்லிவிட்டால் இரவு விருந்தில் விளையாட்டு நீதிமன்றம் கூட்டி அபராதம் போடுவார்கள். அபராதம் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரு சுற்று மது. பழைய அரசவைக் காலத்தில் தப்பு செய்தவரை மானின் மேலேயே குப்புறப் படுக்கவைத்து, கத்தியின் தட்டைப் பக்கத்தால் பின்பக்கம் மூன்று அடி கொடுப்பார்களாம். மதம் சம்பந்தப்பட்டதா என்று கேட்டீர்களே, இங்கே கொஞ்சம் உண்டு. நவம்பர் 3 வேட்டைக்காரர்களின் காவலரான புனித ஹூபர்ட்டின் நாள். கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிர நின்ற ஒரு மானைப் பார்த்து அவர் மனம் திரும்பினார் என்பது கதை. அன்று பல ஊர்களில் தேவாலயத்தில் ஊதுகொம்போடு வழிபாடு நடக்கும்.

இந்த வகை மான் இல்லாத ஊரிலும் இதே விஷயம் உண்டு. கலஹாரியில், நமீபியா, போட்ஸ்வானா எல்லைப் பக்கம் வாழும் ஜுத்வாசி மக்களிடம் (பழைய நூல்களில் குங் என்று இருக்கும்) மறிமான் போன்ற பெரிய விலங்கை வேட்டையாடாத பையனுக்கு அப்போதெல்லாம் பெண் கொடுக்கமாட்டார்கள். 1950-களில் அவர்களோடு தங்கி எழுதிய லோர்னா மார்ஷல் அந்தச் சடங்கை விவரித்திருக்கிறார். பையனின் மார்பு, முதுகு, கையில் சின்னச் சின்னதாகக் கீறி, விலங்கின் கொழுப்பும் கரியும் கலந்து தேய்ப்பார்கள். முதல் ஆண் விலங்குக்கு வலப்பக்கம், முதல் பெண் விலங்குக்கு இடப்பக்கம், அதனால் இரண்டு தடவை. தழும்பு சாகும்வரை இருக்கும்.

ஆனால் அதைவிட முக்கியமானது அவர்கள் வாயால் செய்வது. பெரிய விலங்கை அடித்தவன் ஊருக்குள் வந்து பெருமை பேசக் கூடாது. ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை என்று முணுமுணுக்க வேண்டும். தூக்கிவரப் போகிறவர்கள், இந்த எலும்புக்கூட்டுக்காகவா எங்களை இவ்வளவு தூரம் இழுத்தாய் என்று திட்டுவார்கள். விலங்கு கொழுகொழுவென்று இருக்கும், ஆனாலும் திட்டுவார்கள். ரிச்சர்ட் லீ என்ற மானுடவியலாளர் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விருந்தாக இருப்பதிலேயே பெரிய மாட்டை வாங்கிக் கொடுத்து, இதே மாதிரி வாங்கிக்கட்டிக்கொண்டு மனம் நொந்ததை 1969-ல் எழுதினார். பிறகுதான் அவருக்குக் காரணம் சொன்னார்கள். நிறையக் கறி கொண்டுவரும் இளைஞனுக்குத் தலைக்கனம் ஏறும், மற்றவர்களை வேலைக்காரர்களாக நினைக்க ஆரம்பிப்பான், அதனால் அவன் நெஞ்சின் சூட்டைத் தணிக்கிறோம் என்று. கறியைப் பங்குபோடும் உரிமையும் அடித்தவனுக்கு இல்லை. முதலில் தைத்த அம்பு யாருடையதோ அவருக்குத்தான். அம்புகளை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் கிழவர்களும் குறி தப்புகிறவர்களும்கூட ஏதாவது ஒரு நாள் பங்கு போடுவார்கள்.

இதைப் படித்த பிறகுதான் எனக்குச் சட்டை வால் புரிந்தது. ஜெர்மன் அபராதமும் புரிந்தது. பையனை வேட்டைக்காரனாக ஏற்றுக்கொள்வது இந்தச் சடங்குகளின் ஒரு வேலை. அன்றைக்கே அவன் தலை வீங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. எந்த ஊரில் பார்த்தாலும் இரண்டாவதுக்குத்தான் அதிகம் மெனக்கெடுகிறார்கள். துப்பாக்கியும் அம்பும் பிடித்த பதின்வயதுப் பையனைப் பார்த்துப் பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இந்தியாவில் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைச் சுட்டால் ஜெயில். அதனால் நம் தலைமுறைக்கு இதெல்லாம் அந்நியமாகத் தெரிவது இயல்பு. ஆனால் முதல் வேட்டைக்குத் தமிழில் ஒரு சொல்லே இருக்கிறது: கன்னி வேட்டை. சபரிமலைக்கு முதல்முறை போகிறவரைக் கன்னிச்சாமி என்கிறோமே, அதே கன்னி. கண்ணப்ப நாயனார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உடுப்பூர் வேடர் தலைவன் நாகனுக்கு வயதாகிவிட்டது. தலைமையை மகன் திண்ணனிடம் கொடுக்கிறான். தேவராட்டி என்னும் பூசைப் பெண்ணை வரவழைத்து வனதெய்வங்களுக்குப் பூசை போட்டு வாழ்த்தவைக்கிறான். பிறகு திண்ணன் கன்னி வேட்டைக்குப் புறப்படுகிறான். பெரியபுராணத்தில் அந்த வேட்டையைச் சொல்லும் இடத்தில் வேடர்கள் யானைக்கன்றைத் துரத்தமாட்டார்கள், குட்டிகளைக் கொல்லமாட்டார்கள், கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணையைத் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்று வருகிறது. சிவபக்தர் கதைக்குள் சேக்கிழார் வேட்டை ஒழுக்கத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகிறார். அன்று திண்ணன் கொன்றது மானை அல்ல, வலையறுத்து ஓடிய பன்றியை. அந்தக் கறியில் நல்லதாகப் பார்த்துச் சுவைத்து எடுத்துக்கொண்டு காளத்தி மலையில் குடுமித்தேவருக்குப் படைக்கப் போனதுதான் பிறகு நடந்த கதை. முதல் வேட்டையின் முதல் பங்கு அடித்தவனுக்கு இல்லை என்பது இங்கேயும் வந்துவிடுகிறது.

உங்கள் நண்பர் கறி தருகிறேன் என்று சொல்வதும் அதுதான். காட்டு மான் கறியை இங்கே விற்க முடியாது, சட்டப்படி குற்றம். கொடுக்க மட்டும்தான் முடியும். முதல் மானின் கறியைப் பையன் கையால் நாலு வீட்டுக்குக் கொடுக்கவைப்பது பல குடும்பங்களில் வழக்கம். உங்களுக்கும் ஒரு பொட்டலம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் அந்த நாலு வீட்டில் உங்களையும் வைத்திருக்கிறார்கள். சைவம் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார்கள். சாப்பிடுகிறவராக இருந்தால் மறுக்காதீர்கள்.

உடம்பு விஷயமாக இரண்டு எச்சரிக்கை. முதல் மானின் இதயத்தையோ ஈரலையோ பச்சையாக ஒரு கடி கடிக்கவைக்கும் வழக்கம் சில கேம்புகளில் இருக்கிறது. யாராவது நீட்டினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். மான் ஈரலில் தட்டைப்புழு இருக்கலாம். மற்ற கிருமிகளும் உண்டு. இன்னொன்று, சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய். 1967-ல் கொலராடோவில் முதலில் கவனித்தார்கள், பென்சில்வேனியாவில் 2012-ல் வந்தது. மனிதருக்குப் பரவியதாக நிரூபணம் இல்லை. ஆனால் நோய்க்குக் காரணமான புரதம் வேகவைத்தாலும் அழியாது. பாதிப்புள்ள வட்டாரத்தில் சுட்ட மான் என்றால் சோதனை செய்து முடிவு வந்த பிறகு சாப்பிடுங்கள் என்பதுதான் அரசின் அறிவுரை. அங்கெல்லாம் மான் தலையைப் போட்டுவிட்டுப் போகப் பெட்டி வைத்திருக்கிறார்கள், சோதனை இலவசம். எந்த இடத்தில் சுட்டது, சோதித்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள். வேட்டைக்காரர்கள் அவர்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் கேள்விதான்.

பையனைப் பார்த்தால் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. எங்கே உட்கார்ந்திருந்தாய், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேளுங்கள், போதும். அரை மணி நேரம் பேசுவான்.

சமையல்: வெள்ளையாக ஒட்டியிருக்கும் கொழுப்பை ஒன்றுவிடாமல் வெட்டி எறியுங்கள். ஆட்டுக்கொழுப்பு மாதிரி இருக்காது, மெழுகுபோல வாயில் அப்பிக்கொள்ளும், கவிச்சி வாசமும் அதில்தான். கழுத்து, முன்னங்கால் கறியைக் குக்கரில் நன்றாக வேகவைத்துச் சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு போட்டு வறுத்தால் சுக்கா மாதிரி வரும். கொழுப்பே இல்லாத கறி என்பதால் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக. ‘பேக்ஸ்ட்ராப்’ என்று எழுதிக் கொடுத்தால் அது முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீளத் தசை, மானிலேயே உயர்ந்த கறி. அதைக் குக்கரில் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள், கல்லில் போட்டு எடுத்தாலே போதும்.

அப்புறம், அவர்கள் கொடுத்த டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க நமக்குக் கை வராதே. நான் அந்தப் பேரனின் மான் கறியிலேயே மிளகு வறுவல் செய்து டப்பாவை நிரப்பிக் கொடுத்தேன். தாத்தா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், காரம். பையன் நின்ற இடத்திலேயே பாதி டப்பாவைத் தின்று முடித்தான்.